கைப்பேசியில் வந்ததெல்லாம் வயலுக்கு வேண்டாம்



வழக்கமாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பூச்சி, உரம், மானியம் பற்றித்தான் கேள்விகள் இருக்கும். இந்த முறை வந்த கட்டில் நான்கு கடிதங்கள் கைப்பேசியைப் பற்றியவை. 'இது நம் வேலை இல்லையே' என்று முதலில் தனியாக எடுத்து வைத்தேன். மறுபடி படித்தபோதுதான், நான்கும் விவசாயக் குடும்பத்தின் பாட்டைப் பற்றியவை என்று புரிந்தது. ஒருவருக்குப் பயிர்க் காப்பீடு தவறிவிட்டது. ஒருவர் வரப்பில் உப்பைத் தெளித்திருக்கிறார். ஒரு வீட்டில் நகை அடகுக்குப் போக இருக்கிறது. இன்னொருவருக்கு வங்கிக் கணக்கைப் பற்றிய பயம். எல்லாவற்றுக்கும் தொடக்கம் போன்தான்.

பதில் சொல்லும் முன், நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அறிவுரை சொல்கிறவன் யோக்கியதை உங்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

2018-ஆம் ஆண்டு மே மாதம் மக்காச்சோளப் படைப்புழு கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அந்தப் பருவத்திலேயே நம் மாநிலத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. பூச்சி புதிது. விவசாயிகளுக்கும் தெரியாது, எங்களுக்கும் அப்போதுதான் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் மட்டும் நாளுக்குப் பத்து வைத்தியம் வந்தது. விதைத்த 30 நாட்களுக்குள் மணல் 9 பங்கு, சுண்ணாம்புத் தூள் 1 பங்கு கலந்து குருத்தில் போடலாம் என்பது முறையான பரிந்துரை. ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு எனக்கு ஒரு செய்தி வந்தது. 'மணல் கலந்து குருத்தில் போடவும்' என்ற வரி கண்ணில் பட்டதும், நமக்குத் தெரிந்ததுதானே என்று முழுவதும் படிக்காமல் வட்டார விவசாயிகள் குரூப்புக்குத் தள்ளிவிட்டேன். அதில் சுண்ணாம்பு இருக்க வேண்டிய இடத்தில் துணி துவைக்கும் பவுடர் இருந்தது. பல கை மாறி வந்ததில் எங்கோ யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு விவசாயி என்னைத் தன் காட்டுக்கு அழைத்துப் போனார். அரை ஏக்கரில் குருத்தெல்லாம் வெந்து போயிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. "வேற யாரு அனுப்பியிருந்தாலும் போட்டிருக்க மாட்டேன் சார். நீங்க அனுப்புனீங்கன்னுதான் போட்டேன்" என்றார். இருபது வருடத்துக்கு மேல் பார்த்த வேலையில் அதைவிடக் கடுமையான மெமோ எனக்கு வந்ததில்லை.

அன்றிலிருந்து இரண்டு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். முழுவதும் படிக்காத செய்தி என் போனைத் தாண்டிப் போகாது. போனில் வந்த யோசனை எதுவானாலும், அந்த வயலை அறிந்த ஒருவரிடம் கேட்காமல் வயலுக்குள் போகாது. இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

கேள்வி: நான் 23 வாட்ஸ்அப் குரூப்களில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு செய்தி வருகிறது. சம்பா நெல் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி என்று வந்த தகவலை, காலை வணக்கப் படங்களுக்கு நடுவே பார்க்காமல் விட்டுவிட்டேன். குரூப்பை விட்டு வெளியேறினால் சொந்தக்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?
(நாகப்பட்டினம் மாவட்ட வாசகர்)

பதில்: கெடு முடிந்த பிறகு காப்பீட்டில் சேர வழியில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் மழை வெள்ளத்தில் 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் சேதமானால், பேரிடர் நிவாரணக் கணக்கெடுப்பு தனியாக நடக்கும். அதற்குக் காப்பீடு இருந்தாக வேண்டும் என்பதில்லை. அப்படி ஒரு நிலை வந்தால் உடனே கிராம நிர்வாக அலுவலரிடமும் உதவி வேளாண்மை அலுவலரிடமும் சொல்லுங்கள். அடங்கல், சிட்டா, வங்கிப் புத்தக நகல் தயாராக இருக்கட்டும்.

இனிக் குரூப்களுக்கு வருவோம். நீங்கள் எதிலிருந்தும் வெளியேற வேண்டாம். ஒரு தாளை எடுத்து 23 பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே, 'போன மாதம் இதனால் எனக்கு என்ன பிரயோசனம்?' என்று ஒரு வரி எழுதுங்கள். என் கணக்கில் நான்கு அல்லது ஐந்துக்குத்தான் அந்த வரி நிரம்பும்: வேளாண்மைத் துறை குரூப், கூட்டுறவு சங்கம், வாய்க்கால் பாசனக்காரர்கள், பிள்ளைகளின் பள்ளி, வீட்டார்.

அவற்றில் மிக முக்கியமான மூன்றை விரலால் அழுத்திப் பிடித்தால் மேலே ஊசி போன்ற ஒரு குறி வரும். அதைத் தொட்டால் அந்த மூன்றும் எப்போதும் பட்டியலின் உச்சியில் நிற்கும். மற்றவற்றை அதேபோல் அழுத்திப் பிடித்து 'ம்யூட்' கொடுத்து, அதில் 'ஆல்வேஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'ஆர்க்கைவ்' செய்துவிடுங்கள். குரூப்பில் நீங்கள் இருப்பீர்கள். சத்தமும் வராது, கண்ணிலும் படாது. மாமா அனுப்பிய படத்தை ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் ம்யூட் செய்தது அவருக்குத் தெரியாது.

இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. செட்டிங்ஸில் 'பிரைவசி' என்பதற்குள் 'குரூப்ஸ்' என்று இருக்கும். அதை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றினால் முகம் தெரியாதவர்கள் உங்களைக் குரூப்பில் சேர்க்க முடியாது. 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்ற இடத்தில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். டேட்டாவும் மிஞ்சும், போனும் நிரம்பாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கெடு தேதிகளுக்குப் போனை மட்டும் நம்பாதீர்கள். சம்பா காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் நடுவில் கெடு வரும். சில ஆண்டுகளில் நீட்டிப்பார்கள். அதை எதிர்பார்த்து உட்காரக் கூடாது. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் நவம்பர் 1-ஆம் தேதித் தாளில் 'காப்பீடு' என்று இன்றே எழுதிவையுங்கள். அந்தத் தாளைக் கிழிக்கும்போது எப்படியும் கண்ணில் படும்.

கேள்வி: கல் உப்பு, சோப்புத் தூள், கோமியம் கலந்து அடித்தால் களை எல்லாம் சாகும் என்று ஒரு வீடியோ பார்த்தேன். லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். வரப்பிலும் வரப்பை ஒட்டிய கொஞ்சம் இடத்திலும் அடித்தேன். இரண்டு நாளில் புல் காய்ந்தது. வயல் முழுவதும் அடிக்கலாமா? இப்போது இதேபோன்ற வீடியோவாகவே வருகிறதே, அது ஏன்?
(திருச்சி மாவட்ட வாசகர்)

பதில்: அடிக்காதீர்கள் ஐயா. இத்தோடு நிறுத்திவிடுங்கள்.

உப்புக் கரைசல் பட்டால் இலை காயும் என்பது உண்மைதான். வீடியோவில் அந்த இரண்டாம் நாளைத்தான் காட்டுவார்கள். இருபதாம் நாளைக் காட்ட மாட்டார்கள். கோரைக்குக் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. அருகுக்கு வேர்த்தண்டு இருக்கிறது. மேலே காய்ந்தாலும் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். ஆனால் நீங்கள் ஊற்றிய உப்பு மண்ணிலேயே தங்கும். அதிலுள்ள சோடியம் மண் கட்டமைப்பைக் கெடுக்கும். மண் இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது, விதை முளைக்கத் திணறும். உங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே களர் நிலங்கள் உண்டு. ஜிப்சம் போட்டு, தண்ணீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது களரைச் சரிசெய்ய நாங்கள் படும் பாடு உங்களுக்கே தெரியும். காசு கொடுத்து உப்பு வாங்கி நல்ல நிலத்தைக் களராக்க வேண்டாம்.

அடித்தது வரப்போரம் மட்டும் என்பதால் பதற வேண்டியதில்லை. அடுத்த தண்ணீர் பாய்ச்சும்போது அந்த ஓரத்தில் நன்றாகத் தேக்கி, வயலுக்குள் விடாமல் வடிகாலில் வடித்துவிடுங்கள். மட்கிய தொழுவுரம் போடுங்கள். அறுவடைக்குப் பிறகு அந்த இடத்து மண்ணையும் வயலின் நடுவிலிருந்து எடுத்த மண்ணையும் தனித்தனிப் பையில் போட்டு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உப்பு நிலை, கார அமிலத் தன்மை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பாதிப்பு தெரிந்துவிடும்.

அதே மாதிரி வீடியோவாக ஏன் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எதைத் தொட்டீர்கள், எவ்வளவு நேரம் நின்று பார்த்தீர்கள், யாருக்கு அனுப்பினீர்கள் என்பதை வைத்துத்தான் யூடியூப்பும் பேஸ்புக்கும் அடுத்ததை எடுத்துப் போடுகின்றன. அது சரியா தவறா என்று தெரிந்து போடுவதில்லை. நீங்கள் திட்டிக்கொண்டே கடைசிவரை பார்த்தாலும் அதற்கு விருப்பம் என்றுதான் கணக்கு. வேண்டாத வீடியோ வந்தால் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'நாட் இன்ட்ரஸ்டெட்' கொடுங்கள். அந்தச் சேனலே வேண்டாம் என்றால் அங்கேயே 'டோன்ட் ரெகமண்ட் சேனல்' என்று இருக்கும். பழைய பார்வைப் பட்டியலை, அதாவது 'வாட்ச் ஹிஸ்டரி'யை ஒருமுறை அழித்துவிடுங்கள். 'ஆட்டோபிளே' பொத்தானை அணைத்துவிடுங்கள். பிறகு வேண்டியதை நீங்களே தேடிப் பாருங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம், உங்கள் பயிரையே உங்கள் பக்கத்தில் செய்யும் விவசாயி என்று ஐந்தாறு சேனலுக்கு மட்டும் சந்தா கொடுத்து, 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதியில் மட்டும் பாருங்கள். சில நாட்களில் போன் முகம் மாறுவதை நீங்களே பார்க்கலாம்.

அதன் பிறகும் ஒரு வீடியோ பிடித்துப்போனால் இந்த ஐந்தையும் கேளுங்கள். எந்த மண், எந்த ஊர்? பயிர் என்ன, வயது என்ன? ஏக்கருக்கு எவ்வளவு, எத்தனை லிட்டர் தண்ணீரில் என்று அளவு சொல்கிறாரா? எடுத்த தேதி என்ன? கடைசியில் எதையாவது விற்கிறாரா? ஐந்தில் இரண்டுக்கு விடை இல்லையென்றால் அதை வேடிக்கையாகப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம். மருந்து என்றால் இன்னும் ஒரு படி உண்டு. புட்டியின் லேபிளில் உங்கள் பயிரும் உங்கள் பூச்சியும் அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வீடியோவில் யார் சொன்னாலும் அடிக்கக் கூடாது.

கேள்வி: என் வீட்டுக்காரர் இரவு 12 மணி வரை போன் பார்க்கிறார். 'ஒரு ஏக்கரில் பத்து லட்சம்' என்று ஒரே வீடியோ. 'எல்லாரும் முன்னேறிட்டாங்க, நான்தான் ஒண்ணுக்கும் ஆகாதவன்' என்று புலம்புகிறார். தூக்கம் இல்லை. டிராகன் பழம் போட என் நகையை அடகு வைக்கக் கேட்கிறார். எங்களுக்கு இரண்டு ஏக்கர்தான். நான் என்ன சொல்வது?
(திண்டுக்கல் மாவட்ட வாசகி)

பதில்: அம்மா, நகையை இப்போது கொடுக்க வேண்டாம். சண்டையும் வேண்டாம். 'சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்' என்று சொல்லுங்கள்.

டிராகன் பழம் கெட்ட பயிர் இல்லை. ஆனால் ஏக்கருக்கு 400 முதல் 500 தூண் நட வேண்டும். தூணுக்கு நான்கு கன்று. தூண், கன்று, சொட்டுநீர் எல்லாம் முதல் நாளே கைப்பணம் கேட்கும். நல்ல காய்ப்பு வர இரண்டு, மூன்று வருடம் ஆகும். அதுவரை அடகு வட்டி ஓடும். 'பத்து லட்சம்' என்று சொல்பவர் விற்ற பணத்தைச் சொல்கிறாரா, செலவு போக மிஞ்சியதைச் சொல்கிறாரா? அதில் கன்று விற்ற காசு எவ்வளவு? நட்டு நஷ்டப்பட்டவர் யாரும் கேமரா முன் வந்து நிற்பதில்லை. அதனால் போனில் பார்த்தால் ஊரே ஜெயித்த மாதிரிதான் தெரியும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது போனைத் திறந்தால் தக்காளிதான். அதைப் பார்த்து நாற்று விட்டவர்களின் காய் சந்தைக்கு வருவதற்குள் விலை சரிந்துவிட்டது. போன் காட்டுவது இன்றைய விலை. நமக்கு வேண்டியது நம் காய் பறிக்கும் நாளின் விலை. அதற்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன்பே சில பயிர்களுக்கு விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஈமு கோழி நினைவிருக்கிறதா? 2012-இல் ஈரோடு, பெருந்துறைப் பக்கம் எத்தனை குடும்பம் பணத்தை இழந்தது! அன்று விளம்பரம் டி.வி.யில் வந்தது. இன்று கையிலேயே வருகிறது. அதுவும் இரவில், மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து, மூன்று வருடம் தாண்டிய டிராகன் பழத் தோட்டம் ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். கன்று விற்காத விவசாயியாக இருக்கட்டும். போனில் பேசினால் போதாது. சாப்பாட்டு நேரம் வரை இருந்து பேசுங்கள். தோட்டக்கலை அலுவலரிடம் மானியம் பற்றிக் கேளுங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால் பத்துத் தூணில் தொடங்கலாம்.

இரவுத் தூக்கத்துக்கு ஒரே வழி, போனைப் படுக்கையிலிருந்து பிரிப்பதுதான். ஒன்பது மணிக்கு வீட்டில் எல்லாருடைய போனும் கூடத்தில் சார்ஜுக்குப் போகட்டும், உங்களுடையதும் சேர்த்துத்தான். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட வேண்டுமே என்பார். அதற்கும் அந்த அலாரமே போதும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'நான் ஒண்ணுக்கும் ஆகாதவன்' என்ற பேச்சும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதைப் போன் பழக்கம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலோ 104-லோ தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நீங்களே முதலில் பேசி விவரம் கேட்கலாம். காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

கேள்வி: 'பி.எம். கிசான் பணம் நின்றுவிட்டது, இதை டவுன்லோடு செய்யவும்' என்று ஒரு ஃபைல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நம்பரிலிருந்தே வந்தது. திறக்கலாமா?
(தர்மபுரி மாவட்ட வாசகர்)

பதில்: திறக்காதீர்கள். பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்று இருந்தால் அது செயலியை நிறுவும் ஃபைல். அது உள்ளே போனால் உங்கள் குறுஞ்செய்தியையும் ஓ.டி.பி.யையும் திருட முடியும். உங்கள் பெயரிலேயே மற்றவர்களுக்கும் போகும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். பி.எம். கிசானில் வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதற்கு வாட்ஸ்அப்பில் வந்த எந்த ஃபைலையும் திறக்க வேண்டியதில்லை. தவணை நின்றிருந்தால் ஆதார், நில ஆவணத்தோடு வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ பொது சேவை மையத்துக்கோ போங்கள். யாராவது ஏற்கெனவே திறந்து பணம் போயிருந்தால் உடனே நெட்டை அணைத்து, வேறு போனிலிருந்து 1930-க்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

போனே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். உழவன் செயலியில் மானியமும் உர இருப்பும் வீட்டிலிருந்தே பார்க்கிறோம். மேகதூத் செயலியில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வானிலை சார்ந்த ஆலோசனை வருகிறது. 1800-180-1551 கிசான் கால் சென்டரில் காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழில் கேட்கலாம், காசு இல்லை. இவை எல்லாம் சேர்ந்தாலும் நாளுக்கு அரை மணி நேரம்தான் ஆகும்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். என் போனில் அந்தக் குறியைப் பார்த்தால் துணி துவைக்கும் பவுடர்தான் ஞாபகம் வரும், விரல் நின்றுவிடும். நான் நடத்தும் குரூப்பில் இப்போது அட்மின் மட்டுமே பதிவிட முடியும். காலையில் ஒரு செய்தி. அதில் தேதி, ஊர், அளவு, சந்தேகம் கேட்க என் எண். அவ்வளவுதான். அந்த மக்காச்சோள விவசாயியும் அதில் இருக்கிறார். போன வாரம் கூப்பிட்டு, "சார், நீங்க போட்டதுல ஏக்கருக்கு எவ்வளவுன்னு அளவு விட்டுப்போச்சு, சேர்த்துப் போடுங்க" என்றார். சேர்த்துப் போட்டேன்.

அடுத்த இதழுக்குள் அந்தத் தாளை எழுதி முடியுங்கள்: எத்தனை குரூப், எது தங்கியது, எதை ம்யூட் செய்தீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பூச்சிக் கேள்விகளையும் மறக்காமல் அனுப்புங்கள். பாதிக்கப்பட்ட இலையின் இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, பயிரின் வயதையும் சேர்த்து எழுதினால் சரியான பதில் சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.